வழி சொல்லாத கைப்பேசிகள்

ஒருவர் செய்ததைப் பார்த்து அதேபோல் இன்னொருவர் செய்தால் அது திருட்டா? விக்கிரவாண்டி கடைவீதியில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துகிற எனக்கு இந்தக் கேள்வியோடுதான் பிழைப்பு. என் மேசைக்கு வரும் போன்களை மல்லாத்தி வரிசையாக வைத்தால், எது எந்தக் கம்பெனி என்று திருப்பிப் பார்க்காமல் சொல்வது கஷ்டம். எல்லாம் கண்ணாடிப் பலகை, வளைந்த முனை, மேலே பொட்டு மாதிரி ஒரு கேமரா. உள்ளே போனாலும் அப்படித்தான். மேலிருந்து இழுத்தால் நோட்டிபிகேஷன் இறங்கும். கீழிருந்து தள்ளினால் திறந்து கிடக்கிற ஆப்புகள் சீட்டுச் சீட்டாக வரிசை கட்டும்.

நான் தமிழ்ச் சமணன். நயினார் என்று சொல்வார்கள். செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக உழவு செய்து வாழ்கிறவர்கள். எங்கள் மடம் மேல்சித்தாமூரில் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வீட்டில் வளர்ந்ததால், கடையை எத்தனை மணிக்கு மூடினாலும் விளக்கு வைப்பதற்குள் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிடுவேன். இல்லறத்தாருக்கு எங்கள் சமயம் விதித்த ஐந்து அணுவிரதங்களில் கள்ளாமை மூன்றாவது, மிகுபொருள் விரும்பாமை ஐந்தாவது. போன் கம்பெனிகள் ஒன்றையொன்று பார்த்துச் செய்வதையும், அதற்காகப் போடுகிற சண்டையையும் நான் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடை போடுகிறேன்.

எங்கள் சமய நூலான உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் களவுக்குச் சொல்லும் இலக்கணம் மிகச் சிறியது: கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்வது. பிறகு கள்ளாமை விரதத்துக்கு நேரும் குற்றங்கள் ஐந்தை அடுக்குகிறது. திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அரசு முறைக்கு மாறாக வியாபாரம் செய்வது, அளவையில் ஏமாற்றுவது, கடைசியாகப் போலிப் பொருளை விற்பது. இந்த ஐந்தாவது குற்றத்துக்குப் பூச்சியபாதர் அந்த நூலுக்கு எழுதிய சர்வார்த்தசித்தி உரையில், செயற்கைப் பொன் போன்றவற்றைக் கொண்டு பிறரை வஞ்சித்துச் செய்யும் வாணிகம் என்று விளக்கம் தருகிறார். வஞ்சித்து என்பதை அவர் விடாமல் சேர்த்திருக்கிறார். பொன்னைப்போல ஒன்றைச் செய்ததற்காக அவர் யாரையும் பிடிக்கவில்லை. அதைப் பொன் என்று சொல்லி நீட்டும் கையைப் பிடிக்கிறார்.

அந்தக் கை எப்படி இருக்கும் என்று என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், லாரியில் கிளீனர். நெடுஞ்சாலை ஓட்டல் வாசலில் யாரோ ஒருவன் ஆஸ்பத்திரிச் செலவு என்று அழுது, அவனிடம் ஓர் ஐபோனைப் பதினைந்தாயிரத்துக்குத் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். "சார்ஜ் நிக்கவே மாட்டேங்குதுண்ணா" என்று பையன் நீட்டினான். வாங்கியதுமே கையில் கனம் குறைவாகப் பட்டது. சார்ஜ் துளைக்கு இரண்டு பக்கமும் இருந்தவை சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ. ஆப்பிளில் அந்த இடத்தில் ஐந்து இதழ்த் தலை உள்ள குட்டி ஸ்க்ரூ இருக்கும். அதற்குத் தனி டிரைவர் வேண்டும். பின்மூடியைக் கழற்றினேன். வெளியே மூன்று கேமரா வட்டம். உள்ளே ஒன்றுக்குப் பின்னால்தான் கேமரா இருந்தது. மற்ற இரண்டும் கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிய கண்ணாடி. பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அமுக்கி ஆன் செய்தேன், ஆண்ட்ராய்டின் ரெக்கவரி மெனு வந்தது. செட்டிங்ஸுக்குள் மட்டும் ஐபோன் என்ற பெயரும் கடித்த ஆப்பிளும். பையன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்தான். "தங்கச்சி காலேஜ் பீஸுக்கு வெச்சிருந்த காசுண்ணா" என்றான்.

இது களவு. இதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனால் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியின் போனைப் பார்த்துச் செய்து, தன் பெயரைப் போட்டே விற்கிறதே, அதை எங்கே வைப்பது?

ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் காட்டியது 2007 ஜனவரி 9-ல். சாம்சங் 2010 மார்ச்சில் தன் கேலக்ஸி போனையும் ஐபோனையும் அம்சம் அம்சமாக ஒப்பிட்டு 132 பக்க அறிக்கை ஒன்றைத் தயார் செய்தது. எங்கே ஐபோன் மேல், அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. 2011 ஏப்ரலில் ஆப்பிள் வழக்குப் போட, அந்த அறிக்கையே கோர்ட்டில் சாட்சியாக வந்து நின்றது. 2012 ஆகஸ்ட் 24-ல் கலிபோர்னியா ஜூரி 105 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. வளைந்த முனையுள்ள செவ்வகம், வரிசையாக அடுக்கிய ஐகான்கள், பட்டியலின் கடைசிக்குப் போனால் திரை சற்று இழுபட்டுத் திரும்பும் அந்த அசைவு, இவை போன்றவற்றுக்குத்தான் அத்தனை பணம். ஆனால் அதே ஆண்டு லண்டன் நீதிமன்றம் டேப்லெட் வழக்கில் சாம்சங் ஆப்பிளின் வடிவத்தை எடுக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அப்போதிருந்த எட்டு நீதிபதிகளும் 2016 டிசம்பரில், வெளி உருவத்துக்காக முழுப் போனின் லாபத்தையும் கொடுத்தாக வேண்டியதில்லை என்றார்கள். 2018 மே மாதம் இன்னொரு ஜூரி தொகையை 53.9 கோடி டாலராக்கியது. அடுத்த மாதமே இரண்டு கம்பெனிகளும் சமரசம் செய்துகொண்டன. இந்த ஏழு ஆண்டுகளும் ஒருவருக்கொருவர் வியாபாரம் நடந்துகொண்டேதான் இருந்தது. 2017-ல் வந்த ஐபோன் X-ன் திரை சாம்சங் செய்து கொடுத்தது.

அந்த 132 பக்கத்தை நான் குற்றமாக நினைக்கவில்லை. நம்மைவிட நன்றாகச் செய்தவன் எப்படிச் செய்தான் என்று உட்கார்ந்து பார்ப்பது படிப்பு. நானும் அப்படித்தான் தொழில் கற்றேன். ஆனால் திரை இழுபட்டுத் திரும்பும் அசைவுக்கு ஆப்பிள் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. அதைக் கேட்காமல் எடுத்தது, சூத்திரம் சொல்கிறபடி கொடுக்கப்படாததை எடுத்தல்தான். முதலில் யோசித்தவனுடைய உழைப்புக்குக் கூலி வேண்டும். இல்லாவிட்டால் யோசிக்கவே ஆள் இருக்காது. அந்தக் கூலிக்குக் கெடு வைப்பதும் நியாயம். நம் நாட்டு 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் பதிவு செய்த வடிவத்துக்குப் பத்து ஆண்டு கொடுத்து, கேட்டால் மேலும் ஐந்து ஆண்டு நீட்டிக்கிறது. அதற்குப் பிறகு அது ஊருக்குப் பொது.

வளைந்த முனைச் செவ்வகத்தை எனக்கே எனக்கு என்று கேட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இங்கே எனக்கு ஐந்தாவது விரதம் முன்னே வருகிறது. பார்த்துச் செய்தவனைக் கள்ளாமை கேள்வி கேட்கிறது என்றால், முதலில் செய்தவனை மிகுபொருள் விரும்பாமை கேட்கிறது. வீடு, நிலம், நகை போதாதென்று ஒரு கோணத்தையும் வளைவையும் சொத்தாக்கிப் பூட்டி வைப்பதும் பற்றுதான்.

செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று என்று ஒரு பாறைக் குன்று இருக்கிறது. சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கே உள்ளது. அதே குன்றில் ஒரு பெரும் பாறையின் முகத்தில் நாங்கள் வணங்கும் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். மேலே பன்னிரண்டு பேர், கீழே பன்னிரண்டு பேர். எல்லோரும் ஒரே அமர்வு, மடியில் ஒரே மாதிரி வைத்த கை, ஒரே நேர்ப் பார்வை. செதுக்கியவன் இருபத்துநாலு விதமாகச் செய்து தன் கைவண்ணத்தைக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. சின்ன வயதில் என் தாத்தாவிடம், "ஏன் தாத்தா எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்க?" என்று கேட்டேன். "அவங்க போய்ச் சேர்ந்த எடம் ஒண்ணுதானேடா" என்றார்.

எங்கள் கோயில்களில் தீர்த்தங்கரர் யார் என்று அறியப் பெரும்பாலும் பீடத்தைத்தான் பார்க்க வேண்டும். ரிஷபதேவருக்குக் காளை, அஜிதநாதருக்கு யானை, மகாவீரருக்குச் சிங்கம். லாஞ்சனம் என்போம். உருவம் ஒன்றுபோல இருப்பதில் எங்களுக்குக் குறையே இல்லை. சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் காளையைப் பொறித்துவிட்டால்தான் வழிபடுகிறவன் ஏமாறுகிறான். போன்களையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஒரே மாதிரி இருந்துவிட்டுப் போகட்டும். பின்பக்கத்துச் சின்னம் பொய் சொல்லக் கூடாது. கிளீனர்ப் பையனின் போன் பொய் சொன்னது. சாம்சங் போன் சொல்லவில்லை.

ஆனால் சின்னம் உண்மையாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், எனக்குப் போதவில்லை. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் சமணர். நூல்களை அவர் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுக்கிறார். முன்னோர் நூலை ஒட்டிச் சென்று, பின்னால் வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்துச் செய்வது வழிநூல். அது இழிவு என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் ஒரு கட்டாயம் வைக்கிறார். நூலின் முகவுரையான சிறப்புப்பாயிரத்தில் வர வேண்டிய எட்டுச் செய்திகளில் ஆக்கியோன் பெயரை அடுத்து வருவது வழி. இந்த நூல் எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். கம்பனும் தன் காப்பியத்தின் பாயிரத்தில் வான்மீகியைச் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறான். அதனால் கம்பன் குறைந்து போய்விடவில்லை.

போன் உலகத்தில் இல்லாதது இந்த வழிதான். மேலிருந்து இழுக்கும் நோட்டிபிகேஷன் 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போனிலேயே இருந்தது. ஆப்பிள் 2011-ல் ஐஓஎஸ் 5-ல் கொண்டுவந்தது. சாம்சங் 2011-ல் 5.3 அங்குல நோட் போனை விட்டது. ஆப்பிள் 2014-ல் பெரிய ஐபோனை விட்டது. இவற்றை யாரிடமிருந்து எடுத்தோம் என்று இருவரும் மேடையில் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதில் என் மனசு ஆறாதது பாம் கம்பெனியின் கதை. 2009-ல் அவர்கள் பாம் ப்ரீ என்ற போனை வெப்ஓஎஸ் என்ற மென்பொருளோடு கொண்டுவந்தார்கள். திறந்திருக்கும் ஆப்புகளைச் சீட்டுகளாக வரிசையில் காட்டி, வேண்டாததை மேலே தள்ளி மூடலாம். 2010-ல் எச்பி அந்தக் கம்பெனியை 120 கோடி டாலருக்கு வாங்கியது. 2011 ஆகஸ்டில் போன் தயாரிப்பையே நிறுத்தியது. 2017-ல் ஐபோன் X-ல் கீழிருந்து தள்ளிச் சீட்டுகளைப் புரட்டும் அசைவு வந்தது, அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 9-ல் வந்தது. வெப்ஓஎஸ் வடிவமைப்பில் முன்னின்ற மத்தியாஸ் துவார்த்தே 2010-லேயே கூகுளுக்குப் போய்விட்டார். அந்த மென்பொருள் இன்று எல்ஜி டிவிகளில் ஓடுகிறது. என் கடைக்கு வருகிற நூறு நாள் வேலைக்காரப் பாட்டியும் கட்டைவிரலால் ஆப்பை மேலே தள்ளி மூடுகிறார். அதைக் கண்டுபிடித்தவர்களின் கம்பெனிப் பெயரை இந்தக் கடைவீதியில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. சட்டப்படி இது குற்றமாகாமல் இருக்கலாம். பவணந்தியாரின் கணக்கில் இது பாயிரம் இல்லாத நூல்.

இன்னொரு வகையும் உண்டு. 2016-ல் ஆப்பிள் ஹெட்போன் துளையை எடுத்ததைச் சாம்சங் பிறகு விளம்பரத்தில் கேலி செய்தது, 2019-ல் நோட் 10-ல் தானும் எடுத்தது. பெட்டியில் சார்ஜர் வைக்காமல் விட்டதிலும் அதே கதைதான். இதில் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. அவன் செலவைக் குறைத்துவிட்டானே, நாம் பின்தங்கிவிடுவோமே என்ற பொறாமையும் பயமும்தான். காசு போனது வாங்குகிறவனுக்கு.

கம்பெனிகளின் கணக்கு அப்படி இருக்கட்டும். என் மேசையில் நாள்தோறும் நடப்பது டிஸ்ப்ளே விஷயம். உடைந்த திரைக்குப் போடும் காம்போவில் கம்பெனிச் சரக்கும் உண்டு, காப்பியும் உண்டு. காப்பி விலை பாதிக்கும் கீழே. அதைச் செய்கிறவனை நான் திட்ட மாட்டேன். அது இல்லையென்றால் எத்தனையோ கூலி வேலைக்காரர்கள் போனைத் தூக்கித்தான் போட வேண்டும். ஆனால் எனக்குச் சரக்கு அனுப்பிய ஒரு மொத்த வியாபாரி, காப்பிக் காம்போக்களோடு 'ஒரிஜினல்' என்று அச்சடித்த ஸ்டிக்கர் தாளையும் தனியாக வைத்து அனுப்பினார். போன் போட்டுக் கேட்டதற்கு, "கஸ்டமர் கேட்டா ஒட்டிக்குங்க பாஸ்" என்றார். அந்தத் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டு, சரக்கை வேறு இடத்தில் எடுக்கத் தொடங்கினேன். பூச்சியபாதர் சொன்ன செயற்கைப் பொன் எங்கள் காலத்தில் அந்த ஸ்டிக்கராக வந்திருக்கிறது.

வருகிறவர்களிடம் நான் சொல்லிவிடுவேன்: "இது காப்பிம்மா. வெயில்ல கொஞ்சம் மங்கலாத் தெரியும், டச் கொஞ்சம் மந்தமா இருக்கும். விலை கம்மி. கம்பெனிது வேணும்னா இவ்வளவு ஆகும்." முக்கால்வாசிப் பேர் காப்பியையே கேட்கிறார்கள். தெரிந்து வாங்குகிறார்கள்.

உங்கள் ஊரிலும் போனுக்குத் திரை மாற்றப் போனால், போடுவது காப்பியா கம்பெனியா என்று கேளுங்கள். எதுவானாலும் பில்லில் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் போனைக் கொடுக்காதீர்கள்.