படிகளும் மனிதனும்

பிறத்தல், இருத்தல், மாறுதல், வளர்தல், தேய்தல், மறைதல் என்று தோன்றிய பொருள் அனைத்திற்கும் ஆறு விகாரங்களைக் கூறுவது நமது மரபு. வார்ஷ்யாயணி என்ற பழம்பெரும் ஆசிரியரின் கருத்தாக யாஸ்கர் இதனைத் தமது நிருக்தத்தில் எடுத்துரைக்கிறார். இந்த வரிசையில் வளர்தல் நான்காவதாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குப் பின்னரும் இரண்டு நிலைகள் உள்ளன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி உளவியலோ வளர்தலோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஃபிராய்டு வகுத்த பருவங்கள் இளமையின் தொடக்கத்தோடு முடிகின்றன. சுவிட்சர்லாந்தின் பியாஜே (1896–1980) தம் மூன்று குழந்தைகளைத் தொட்டிலிலிருந்தே உற்றுநோக்கி அறிவு வளர்ச்சியின் படிகளை வகுத்தார். அவரது கடைசிப் படி பதினொன்று, பன்னிரண்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்பதிலும் எழுபதிலும் மனிதனுக்கு நேர்வது வெறும் தேய்மானம்தானா? இக்கேள்வியை முழு ஆயுளுக்குமாக எடுத்துக்கொண்டவர்களுள் முதன்மையானவர் எரிக் எரிக்சன்.

1902-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் பிறந்த எரிக்சன் தம் தந்தை யாரென்று இறுதிவரை அறியவில்லை. வியன்னாவில் அன்னா ஃபிராய்டிடம் பயிற்சி பெற்று, 1933-இல் அமெரிக்கா சென்று, அங்கு குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். எரிக்கின் மகன் எரிக் என்பதுபோல அமைந்த பெயர் அது! தன்னடையாளம் என்ற சொல்லை உளவியலில் நிலைநாட்டியவர் தமக்குத் தாமே தந்தையாகப் பெயர் வைத்துக்கொண்டது சிந்திக்கத்தக்கது.

1950-இல் வெளிவந்த 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்ற நூலில் அவர் வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகக் காட்டினார். ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு சக்திகள் மோதுகின்றன. தாயின் மடியில் இருக்கும் சிசுவிடம் நம்பிக்கையும் அவநம்பிக்கையும் மோதுகின்றன. நடை பழகும் குழந்தையிடம் தன்னுரிமையும் வெட்கமும், பள்ளிச் சிறுவனிடம் உழைப்பார்வமும் தாழ்வுணர்வும் மோதுகின்றன. இளைஞனுக்கு 'நான் யார்' என்ற குழப்பம். அதன்பின் பிறரோடு நெருக்கமா, தனிமையா என்ற போராட்டம். நடுவயதில் எழுவதை அவர் 'ஜெனரேட்டிவிட்டி' என்றார். அடுத்த தலைமுறையைப் பேணி உருவாக்கும் அக்கறை என்று விரித்துச் சொன்னாலன்றி இது தமிழில் அமைவதில்லை. கடைசிப் பருவத்திற்கு அவர் இட்ட 'இன்டெக்ரிட்டி' என்ற சொல் இன்னும் கடினமானது. நேர்மை என்றால் குறுகிவிடும். பூரணத்துவம் என்றால் சித்தி பெற்றவரைக் குறித்துவிடும். தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, 'இதுவே என் வாழ்க்கை, வேறொன்று எனக்கு இருந்திருக்க இயலாது' என்று முதியவர் ஏற்றுக்கொள்ளும் நிறைவு அது. அந்த நிறைவு இல்லாதவிடத்தில் விரக்தி குடியேறுகிறது.

இப்படிகளை மதிப்பெண் பட்டியலாக வாசிப்பது தவறு என்று எரிக்சனே பின்னர் எச்சரித்தார். அவநம்பிக்கை முற்றிலும் நீங்கிய குழந்தை, பாம்பைக் கண்டாலும் கையை நீட்டும். வேண்டுவது இரண்டின் தக்க அளவே. ஒரு பருவத்தில் பெற்றது அடுத்த பருவத்தில் மீண்டும் சோதிக்கப்படும். ஆயினும் பாடநூல்கள் வரையும் படத்தில் எட்டுப் படிகள் கொண்ட ஏணிதான் காணப்படுகிறது. ஏணி என்றாலே ஏறியவர், ஏறாதவர் என்ற கணக்கு வந்துவிடுகிறதே!

1962-இல் மனித வாழ்க்கைச் சுழற்சி பற்றிய கருத்தரங்கை நடத்த எரிக்சன் அகமதாபாத் வந்தார். அங்கு 1918-ஆம் ஆண்டு நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அவர் மனத்தைக் கவர்ந்தது. 35 விழுக்காடு கூலி உயர்வு கோரிய அத்தொழிலாளர்களுக்காகக் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார். ஆலை உரிமையாளர் அம்பாலால் சாராபாய் ஒருபுறம். அவருடைய சகோதரி அனசூயா தொழிலாளர் பக்கம். காந்திஜிக்கு அப்போது வயது 48. ஒரு பெருந்தேசத்தைப் பேணும் பொறுப்பைத் தோளில் ஏற்கும் நடுவயதுப் பருவத்தின் உருவமாக எரிக்சன் அவரைக் கண்டார். 1969-இல் வெளிவந்த 'காந்தியின் உண்மை' அதன் விளைவு.

இந்தியாவில் அவரைச் சந்தித்த சுதீர் காக்கர் (1938–2024) பின்னர் ஹார்வர்டில் அவரிடம் பணியாற்றி, இந்தியாவின் முன்னோடி உளப்பகுப்பாய்வாளராகப் புகழ் பெற்றார். எரிக்சனின் பருவங்களையும் நமது ஆசிரம தர்மத்தையும் அருகருகே வைத்து 1968-லேயே அவர் ஆராய்ந்தார். பிரம்மசரியத்தில் திறனும் பற்றுறுதியும், இல்லறத்தில் அன்பும் பேணுதலும், வானப்பிரஸ்தத்தில் பேணுதலின் விரிவு, துறவில் நிறைவு என்று இரண்டும் பொருந்திவருவதைக் காணும்போது வியப்பு உண்டாகிறது. காட்டுக்குச் செல்லும் காலத்திற்கு மனு தரும் அடையாளமும் அழகானது. நரையும் திரையும் தோன்றி, மகனுக்கு மகன் பிறந்ததைக் கண்டவன் புறப்படலாம் என்கிறார் அவர். அடுத்தவர் கையில் விளக்கு ஏறிவிட்டது என்பதே அதன் பொருள்.

ஆனால் இப்பொருத்தத்தில் நாம் மகிழ்ந்து நின்றுவிடக் கூடாது. ஆபஸ்தம்பர், கௌதமர் முதலியோரின் தர்மசூத்திரங்களில் ஆசிரமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகளாக இல்லை. குருகுலக் கல்வி முடிந்தவன் தன் ஆயுள் முழுமைக்குமாகத் தேர்ந்துகொள்ளும் நான்கு பாதைகளாகவே உள்ளன. பாட்ரிக் ஒலிவெல் 1993-இல் எழுதிய ஆய்வுநூல் இதனை விரிவாகக் காட்டுகிறது. படிவரிசை பின்னர் வந்தது. என்று வைராக்கியம் பிறக்கிறதோ அன்றே துறக்கலாம் என்ற ஜாபால உபநிஷதத்தின் கருத்தும் வயதுக் கணக்கைப் பொருட்படுத்தவில்லை. மேலும், இந்த நான்கும் பெரும்பாலும் இருபிறப்பாளரான ஆண்களை மனத்தில் கொண்டு சொல்லப்பட்டவை. தமிழ்ப் பாட்டியல் நூல்கள் பெண்ணுக்குப் பேதை முதலாக ஏழு பருவங்களைப் பெயரிட்டன; கடைசியான பேரிளம்பெண் நாற்பது வயதோடு முடிந்துவிடுகிறாள். நாற்பத்தொன்றாம் வயதில் அவள் என்ன ஆனாள் என்று இலக்கணிகள் கேட்கவில்லை! எந்தப் பட்டியலும் யாரையோ மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது; எழுதியவரின் கண்ணில் படாதவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

வெளியே நின்ற ஒருவர் எரிக்சனின் வீட்டிலேயே இருந்தார். 1944-இல் அவருக்கு நான்காவது குழந்தை டவுன் நோய்க்குறியோடு பிறந்தது. அக்காலத்தில் அதன் காரணம்கூடத் தெரியாது. ஒரு குரோமோசோம் மிகுதியாக இருப்பதே காரணம் என்பது 1959-இல்தான் வெளிப்பட்டது. இத்தகைய குழந்தையை உடனே காப்பகத்திற்கு அனுப்பிவிடுங்கள் என்பதே அன்றைய மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. தாய் ஜோன் பிரசவ அயர்விலிருந்து மீளும் முன்பே அந்த முடிவு எடுக்கப்பட்டது. குழந்தை இறந்துவிட்டது என்று மூத்த பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. உண்மையில் அது இருபது ஆண்டுகளுக்கு மேல் காப்பகத்தில் வாழ்ந்து 1965-இல் மறைந்தது. எரிக்சனின் மறைவுக்குப் பின், 1999-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே உலகம் இதை அறிந்தது.

இதை நினைவூட்டுவது ஒரு பேரறிஞரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கன்று. அவர் செய்தது அந்நாளில் ஆயிரக்கணக்கான நல்ல பெற்றோர் செய்ததே. ஆனால் முதல் பருவத்தின் நம்பிக்கை தாயின் அரவணைப்பிலிருந்தே பிறக்கிறது என்று உலகிற்கு எடுத்துரைத்தவர் அவர். வெறும் உணவும் தூய்மையும் மட்டும் கிடைத்து, அரவணைப்பின்றிக் காப்பகங்களில் கிடந்த சிசுக்கள் வாடி மடிவதை ரெனே ஸ்பிட்ஸ் 1945-லேயே ஆய்ந்து எழுதியிருந்தார். 'காந்தியின் உண்மை' நூலின் நடுவே, எரிக்சன் காந்திஜிக்கே கடிதம் எழுதுவதுபோல் ஒரு பகுதியை அமைத்து, தம் குடும்பத்தாரிடம் அவர் காட்டிய கடுமையில் அஹிம்சைக்கு மாறான ஒன்று இருந்தது என்று வருந்துகிறார். அந்தப் பகுதியை இன்று வாசிப்பவர்களுக்கு அதை எழுதிய கை நடுங்கியிருக்குமோ என்று தோன்றாமல் போகாது.

கேள்வி இதுதான். மனித வாழ்வின் மதிப்பு வளர்ச்சியில் இருக்கிறதென்றால், மூன்றாம் படியிலோ நான்காம் படியிலோ நின்றுவிடும் உயிருக்கு என்ன மதிப்பு?

மறுமுனையிலும் இதே கேள்வி எழுகிறது. வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து ஏற்பதே முதுமையின் நிறைவு என்றால், திரும்பிப் பார்க்க நினைவே இல்லாதவர் என்ன செய்வார்? நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், நினைவிழப்பு நோயோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஒரு நாடளாவிய ஆய்வு மதிப்பிட்டது. கணவனின் மரணத்தையும் பேரனின் திருமணத்தையும் மறந்துவிட்ட ஒரு மூதாட்டி எட்டாம் பருவத் தேர்வில் தோற்றவரா?

வேதாந்தம் இங்கே ஒரு விடையைத் தருகிறது. இளமையும் முதுமையும் உடலுக்கே உரியவை, உடலை உடையவனுக்கு அல்ல என்பது கீதையின் இரண்டாம் அத்தியாயம் காட்டும் வழி. ஆன்மா பிறப்பதோ இறப்பதோ இல்லை என்னும் சுலோகத்திற்கு உரை எழுதும் ஆதிசங்கரர், முன்னே கூறிய ஆறு விகாரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஆன்மாவுக்கு அவை இல்லை என்று மறுக்கிறார். வளர்தலும் அதில் மறுக்கப்படுகிறது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தேய்வு இல்லை என்று கேட்டு மகிழ்கிறோம். வளர்ச்சியும் இல்லை என்பது காதில் விழுவதில்லை. மேதையிடமும் காப்பகக் குழந்தையிடமும் எது வளராமல் இருக்கிறதோ அதுவே மதிப்பின் இருப்பிடம் என்றால், ஏணியின் எந்தப் படியில் நிற்கிறார் என்பதைக் கொண்டு எவரையும் எடைபோட இயலாது.

இந்த விடையில் ஓர் ஆபத்து உண்டு. ஆன்மா வளர்வதில்லை என்று சொல்லிக்கொண்டே வளர வேண்டிய குழந்தையைக் கவனியாமல் விடுவது எளிது. எல்லாம் பிரம்மம் என்று கூறிப் பக்கத்து அறையில் கிடக்கும் தந்தையின் படுக்கைப் புண்ணை மறப்பவர்களையும் காண்கிறோம். மதிப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தத்துவம் சொல்லலாம். அந்த உயிருக்கு இன்று என்ன வேண்டும் என்பதைச் சொல்ல எரிக்சன் போன்றோரின் உழைப்பு தேவைப்படுகிறது. சிசுவுக்கு எது வேண்டும், பதின்பருவத்தினருக்கு எது வேண்டும் என்று தெரியாத கருணை தவறான கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

எரிக்சன் 1994-இல் தமது 91-ஆம் வயதில் மறைந்தார். எட்டுப் பருவங்களை வகுத்தபோது அவரோடு இணைந்து உழைத்த ஜோன், தொண்ணூறைக் கடந்த நிலையில், ஒன்பதாம் பருவம் ஒன்றைச் சேர்த்து எழுதினார். அது 1997-இல் அச்சாயிற்று. அவ்வாண்டே அவரும் மறைந்தார். மிகுந்த முதுமையில், முன்பு கடந்ததாக எண்ணிய மோதல்கள் அனைத்தும் திரும்பி வருகின்றன என்றார் அவர். இப்போது எதிர்மறைச் சக்திதான் முன்னே நிற்கிறது. தன் காலையும் கண்ணையும் நம்ப முடியாத அவநம்பிக்கை, உடலைத் தன் வசத்தில் வைத்திருக்க முடியாத வெட்கம் என்று முதியவர் தொட்டிலின் பிரச்சினைகளுக்கே மீள்கிறார். அப்போது கைகொடுப்பது முதல் பருவத்தில் பெற்ற அடிப்படை நம்பிக்கையே என்று ஜோன் எழுதினார். புகழ், அடையாளம், சாதனை இவற்றுள் எதையும் அவர் அந்த இடத்தில் வைக்கவில்லை.

நினைவிழந்த முதியோரைப் பேணுபவர்கள் இதற்குச் சான்று பகர்வர். மகளின் பெயரையும் தன் பெயரையும் மறந்த பின்னரும், அவள் கையிலிருந்து வரும் கவளத்திற்கு அம்மூதாட்டி வாயைத் திறக்கிறார்.