நந்தவனத்து ஆண்டியும் அவன் உடைத்த தோண்டியும்

ஓம் சரவணபவ!

இன்னைக்கு நாம எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பாட்டோட அர்த்தத்தைப் பத்திக் கொஞ்சம் யோசிக்கலாம். நந்தவனத்து ஆண்டி பாட்டு. உங்க பாட்டி பாடிக் கேட்டிருப்பீங்க. இப்போ ஸ்டேட்டஸ்லயும் ரீல்ஸ்லயும் அடிக்கடி வருது.

கதை ரொம்பச் சின்னது. நந்தவனத்தில் ஓர் ஆண்டி. மாதக்கணக்கில் குயவனிடம் கெஞ்சி ஒரு தோண்டி வாங்கி வருகிறான். அதை வைத்துக்கொண்டு கூத்தாடுகிறான். ஆடி ஆடியே உடைத்துவிடுகிறான்.

இதுக்குப் பெரியவங்க சொல்ற பொருள் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆண்டி என்பது உயிர். குயவன் என்பது படைத்தவன். தோண்டி என்பது இந்த உடம்பு. மாதக் கணக்கு பாட்டில் நாலு, ஆறு என்று இரண்டு எண்களாக வரும். கூட்டினால் 10. தாய் வயிற்றில் இருந்த 10 மாதம்.

இதுவரைக்கும் சரி. ஆனா இதுக்கு அப்புறம் எல்லாரும் ஒரு முடிவு சொல்றாங்க: "உடம்பு வெறும் மண்பானை, என்னைக்காவது உடையும், அவ்வளவுதான் வாழ்க்கை." நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், 3 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும்.

என் சித்தப்பா பையன், எனக்குத் தம்பி முறை. வயசு 22. ராத்திரி பைக்ல போனான். நண்பர்களோட யார் முந்திப் போறதுன்னு ஒரு விளையாட்டு. ஹெல்மெட் தலையில இல்ல, வண்டி கண்ணாடியில மாட்டியிருந்தது. மீதியை நான் சொல்ல வேண்டாம்.

சுடுகாட்டுல அவனோட கூடப் பிறந்த சின்னவன்தான் கொள்ளிக்குடம் தூக்கினான். மூணு சுத்து. ஒவ்வொரு சுத்துக்கும் குடத்தில் ஒரு ஓட்டை போட்டாங்க. தண்ணி அவன் முதுகு வழியா வழிஞ்சுது. கடைசியில திரும்பிப் பார்க்காம பின்னாடி போட்டான். உடைஞ்சுது.

பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் ஆறுதலாத்தான் அந்தப் பாட்டை மெல்லச் சொன்னார். சித்தப்பா தலையைத் தூக்கிப் பார்த்தார். "அப்போ என் பிள்ளை கூத்தாடித்தான் உடைச்சான்னு சொல்றீங்களாங்கய்யா?"ன்னு கேட்டார்.

யாருமே வாய் திறக்கல. அந்தக் கேள்வி எனக்குள்ளயே தங்கிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க, சித்தப்பா கேட்டது நியாயம்தானே? உடம்பு நிலையில்லாததுன்னு மட்டும் சொல்லணும்னா, தோண்டி பழசாகி விரிசல் விட்டதுன்னு பாட்டு முடிஞ்சிருக்கலாம். அப்படி முடியலை. ஆண்டி தானே உடைத்தான் என்றுதான் முடிகிறது. அப்படின்னா இது செத்தவன் மேல பழி போடுற பாட்டா? பழின்னா, பிள்ளையைப் பறிகொடுத்த அப்பா முன்னாடி அதைச் சொல்றது தர்மமா?

இதுக்கு நான் மெதுவாகக் கண்டுகொண்டது மூன்று விஷயங்கள்.

முதல் விஷயம், பாட்டு யாரிடம் பேசுகிறது என்பது. இந்த வரிகள் கடுவெளிச் சித்தர் பெயரில் வழங்கும் பாட்டில் வருபவை. அந்தப் பாட்டு பேசுவது தன் சொந்த மனசோடு. பாவம் பண்ணாதே, யாரையும் சபிக்காதே என்று தன் மனசுக்கே புத்தி சொல்கிறது. அதனால இதைப் பாடுறவன் கையில் இன்னும் உடையாமல் இருக்கிற தோண்டியைப் பற்றியதுதான் பாட்டு. அடுத்தவன் தோண்டி எப்படி உடைஞ்சுதுன்னு தீர்ப்பு சொல்ல அது வரலை. அந்தப் பெரியவர் சொன்ன பாட்டு நல்ல பாட்டுதான். ஆனா அது போய்ச் சேர வேண்டிய காது சித்தப்பா காது இல்லை. அங்கே பைக் சாவியைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு நின்ன எங்க காது.

இரண்டாவது, நந்தவனம். பாட்டில் ஆண்டி ஏன் சந்தையிலோ சத்திரத்திலோ இல்லை? நந்தவனம்னா சாமிக்குப் பூ வளர்க்கிற தோட்டம். தோண்டின்னா கிணத்துல தண்ணி சேந்துற பாத்திரம். நந்தவனத்துல இருக்கிறவனுக்குத் தோண்டி எதுக்கு? செடிக்குத் தண்ணி ஊத்தத்தானே! இது நானாகச் சேர்த்துப் படிக்கும் பொருள். ஆனா இப்படிப் படிச்சதும் பாட்டு எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. தோண்டி உடைஞ்சா நஷ்டம் ஆண்டிக்கு மட்டும் இல்லை. அவனை நம்பி நிற்கிற செடிகளுக்கும்தான். என் தம்பி அதே பைக்ல எங்க அப்பத்தாவை மாசாமாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவான். தெருப் பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். அந்தச் செடிங்க வாடினதை நாங்க கண்ணால பார்த்தோம்.

அப்போ உடம்பு வெறும் மண்பானைன்னு சொல்றது பாதி உண்மைதான். திருமூலரும் முதலில் உடம்பை இழுக்கு என்று நினைத்து, பிறகு உள்ளே இறைவன் இருப்பதைக் கண்டு, அதைப் பேண ஆரம்பித்ததாகத் திருமந்திரத்தில் சொல்கிறார். மண்ணுதான், ஆனா தண்ணி சுமக்கிற மண்ணு.

மூன்றாவது, கூத்து. ஆடினது தப்புன்னா நம்ம கதி என்ன? காவடியே ஆட்டம்தானே! பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துப் பழனிக்கு நடந்து போற தீர்த்தக் காவடியைப் பார்த்திருக்கீங்களா? மேளம் அடிச்சா ஆடாத கால் உண்டா? ஆனா எவ்வளவு ஆடினாலும் ஒரு கை காவடியை விடாது. ஏன்னா உள்ளே இருக்கிறது முருகனுக்குக் கொண்டுபோற தண்ணி. அந்த நினைப்பு இருக்கிற வரைக்கும் ஆட்டம் வழிபாடு. அது மறந்த நொடிதான் ஆண்டி தோண்டியைத் தவறவிட்ட நொடி.

நம்ம பழனிக்காரனும் ஆண்டிதானே? எல்லாத்தையும் விட்டவன், ஆனா கையில தண்டத்தைப் பிடிச்சு நிக்கிறான். பற்று இல்லாம இருக்கிறது வேற, அலட்சியமா இருக்கிறது வேற.

அருணகிரிநாதர் கதையும் இதைத்தான் சொல்லுது. வாழ்க்கை வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்தில் இருந்து விழுந்தவரை முருகன் கையில் தாங்கினான் என்பார்கள். 'உடம்புதானே, உடையட்டும்'னு அவன் விடலை. தாங்கின பிறகு பாட வச்சான். திருப்புகழ் நமக்குக் கிடைச்சது உடையாமல் காப்பாற்றப்பட்ட அந்தத் தோண்டியில் இருந்துதான்.

"அப்போ என் பையனை ஏன் தாங்கலை?"ன்னு சித்தப்பா கேட்டா, என்கிட்ட பதில் இல்லை. பதில் தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன். ஆனா அன்னைக்கு அவர் கேட்ட கேள்விக்கு இன்னைக்கு என்னால சொல்ல முடியும்: "அவன் ஒரு நொடி மறந்துட்டான் சித்தப்பா. அந்த ஒரு நொடிதான் அவன்னு நினைக்காதீங்க. பாட்டு அவனைத் திட்டலை, எங்களைத்தான் எழுப்புது."

போன பங்குனியில சின்னவனோட நானும் தீர்த்தக் காவடி எடுத்தேன். வழியெல்லாம் ஆடினான். தீர்த்தச் செம்பை மட்டும் நொடிக்கு நொடி தொட்டுப் பார்த்துக்கிட்டே வந்தான். நான் ஒண்ணும் சொல்லலை.

அடுத்த தடவை இந்தப் பாட்டை ஸ்டேட்டஸ்ல வைக்கும்போது ஒரு நிமிஷம் உங்க தோண்டியைத் தொட்டுப் பாருங்க. உங்க தண்ணிக்காக எந்தச் செடி காத்திருக்குன்னும் நினைச்சுப் பாருங்க. அப்புறம் தாராளமா ஆடுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!