அம்பாளுக்கும் உண்டு ஓய்வு!

மதியம் பன்னிரண்டரை மணிக்குக் கோயிலுக்குப் போகிறோம். ''நடை சாத்தியாச்சு, சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க'' என்கிறார் வாசலில் இருப்பவர். நமக்குக் கோபம் வருவதில்லை. கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

இரவிலும் அப்படித்தான். மதுரையில் ஒவ்வொரு நாள் இரவும் சொக்கநாதரின் திருவடிகள் பல்லக்கில் எழுந்தருளி, மீனாட்சியம்மனின் பள்ளியறைக்கு வந்து சேர்கின்றன. பூஜை முடிந்ததும் நடை சாத்தப்படுகிறது. உலகையே காப்பவளுக்கும் உறங்க ஒரு நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள் நம் பெரியவர்கள்.

சரி, உங்கள் வீட்டு அடுக்களைக்கு நடை சாத்தும் நேரம் என்று ஒன்று உண்டா?

காலை ஐந்து மணிக்கு எழுந்து, கோலம் போட்டு, விளக்கேற்றி, எல்லோருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி அனுப்பிய பிறகு, பத்தரை மணிக்கு ஆறிப்போன இரண்டு இட்லி. அதையும் நின்றபடியே விழுங்குவீர்கள். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி என்றால் அதுவும் கிடையாது. 'எனக்கென்ன, எல்லாரும் சாப்பிட்டால் போதும்' என்று சொல்லும்போது மனதுக்குள் ஒரு நிறைவு. அந்த நிறைவு பொய்யல்ல. ஆனாலும், ஒரு கேள்வியை நாம் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். தன் உடம்பைக் கவனிக்காமல் விடுவது தியாகமா? அதைக் கவனித்துக்கொள்வது சுயநலமா?

இந்தக் கேள்விக்கு, தவம் செய்த அம்பிகையின் கதையிலேயே பதில் இருக்கிறது. காளிதாசனின் 'குமாரசம்பவ'த்தில், சிவனை அடைய வேண்டிப் பார்வதி கடுந்தவம் புரிகிறாள். உதிர்ந்த இலையைக்கூட உண்ணவில்லை. சிவபெருமானே பிரம்மசாரி வேடத்தில் அவள் முன் வருகிறார். வந்தவர் நலம் விசாரிக்கும்போது, 'உன் சக்திக்கு உட்பட்டுத்தானே தவம் செய்கிறாய்?' என்று கேட்கிறார். தர்மம் செய்வதற்கு முதல் கருவியே உடம்புதான் என்று காரணமும் சொல்கிறார். யாரைக் குறித்துத் தவமோ, அவரே கேட்ட கேள்வி இது!

நம் திருமூலரும் இதையே சொல்கிறார். முன்பு உடம்பை இழிவாக நினைத்திருந்தவர், அதற்குள் இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமந்திரத்தில் பாடுகிறார்.

'அப்படியானால் விரதமே வேண்டாமா?' என்று கேட்பீர்கள். தாராளமாக இருங்கள். நாக்கின் ஆசையை அடக்கத்தான் விரதம். உடம்பை வதைப்பதற்கு அல்ல. மகாபாரதத்தில் விதுரர் நீதி சொல்லும் பகுதியில், விரதத்தைக் கெடுக்காதவை என்று எட்டு விஷயங்கள் வருகின்றன. தண்ணீர், கிழங்கு, பழம், பால் ஆகியவற்றோடு மருந்தும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. குருவின் வாக்கும் இருக்கிறது. உடம்பு விஷயத்தில் மருத்துவர்தானே குரு?

ஆகவே, சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், விரதத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மருந்தை எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால், சிலருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்துக் கொட்டி, மயக்கமே வந்துவிடலாம். நீங்களாகவே மருந்தை நிறுத்துவதும் ஆபத்து. பாலும் பழமும் எடுத்துக்கொண்டால் அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கடைசியில் சாப்பிடுவது வேறு, மிச்சத்தைச் சாப்பிடுவது வேறு. பரிமாறிவிட்டு உண்பது நம் பண்பாடு. ஆனால், காய் தீர்ந்துவிட்டது என்று ரசத்தை மட்டும் பிசைந்து சாப்பிடுவது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் சத்தில்லாத சாப்பாடும் ஒன்று.

கோயிலில் காலபூஜை நேரம் தவறுவதில்லை. அதைப்போல உங்கள் நாளுக்கும் சில நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காலை உணவை ஒன்பது மணிக்குள், உட்கார்ந்து சாப்பிடுங்கள். சமைத்தவுடன் சுவாமிக்கு எடுத்து வைப்பதுபோல், உங்கள் பங்கு கீரையையும் காயையும் ஒரு கிண்ணத்தில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். சாப்பிட்டவுடன் காபி, டீ வேண்டாம். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அவை குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

மாலையில் பக்கத்துக் கோயிலுக்கு நடந்தே போய், பிராகாரத்தை நிதானமாக வலம் வாருங்கள். தரிசனம் முடிந்ததும் சற்று உட்கார்ந்துவிட்டு வரும் வழக்கம் நமக்கு உண்டல்லவா? அந்தப் பத்து நிமிடம் நாளைய சமையலைப் பற்றி யோசிக்காமல், மூச்சோடு சேர்த்து நாமத்தைச் சொல்லுங்கள். மனதுக்கு அதுவே மருந்து.

இரவில் ஒரு நேரம் வைத்து அடுக்களை விளக்கை அணைத்துவிடுங்கள். ''நடை சாத்தியாச்சு'' என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். இரண்டு நாள் முணுமுணுப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களே தண்ணீர் எடுத்துக் குடிப்பார்கள்.

கோபுரத்தில் ஓர் அரசஞ்செடி முளைத்தால், சின்னதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். விட்டுவிட்டால் வேர் இறங்கிக் கல்லையே பிளந்துவிடும். உங்கள் தலைச்சுற்றலும் மூச்சிரைப்பும் அந்தச் செடி மாதிரிதான். 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. அடுக்களை வாசலில் நின்று உங்கள் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் பசியை மறைத்தால், நாளை அவளும் தன் வீட்டில் மறைப்பாள். நீங்கள் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டால், அவளும் அப்படியே சாப்பிடுவாள். அவளுக்கு நீங்கள் கொடுக்கும் சீர்வரிசையில் இதுவும் இருக்கட்டும்.

நாளைக் காலையிலிருந்தே ஆரம்பியுங்கள். அம்பாள் துணையிருப்பாள்!