வராத துன்பத்தின் விலை

நீரிழிவைக் கட்டுப்படுத்தவும் அதன் பின்விளைவுகளைத் தடுக்கவும் செலவிடப்படும் பணம் தகுந்த பலனைத் தருகிறதா என்னும் வினா, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குக் கணக்காளரின் வினாவாகவே தோன்றும். ஆயினும் அதன் அடியில் அறவியலுக்குரிய வேறொரு வினா கிடக்கிறது: கண்முன் துடிப்பவருக்கும், இன்று நலமாக நடமாடிப் பத்தாண்டுகள் கழித்துத் துடிக்கவிருப்பவருக்கும் ஒரு சமூகம் ஆற்ற வேண்டிய கடமை சமமானதா? மிகுந்த சர்க்கரையும் உயர் இரத்த அழுத்தமும் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் வலியே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சிதைத்து, காலம் கடந்த பின்னரே விழித்திரைப் பாதிப்பாகவும் சிறுநீரகச் செயலிழப்பாகவும் ஆறாத கால்புண்ணாகவும் மாரடைப்பாகவும் வெளிப்படுவதால், வேறெந்த நோயையும்விட நீரிழிவு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டிருக்கும் நிலையில், இதற்கு விடை தேடுவதைத் தள்ளிப்போட இயலாது.

செலவுத்திறன் ஆய்வு எனப்படும் முறை இக்கடமையை எண்ணால் அளக்க முயல்கிறது. ஒரு சிகிச்சைக்கு ஆகும் கூடுதல் செலவை அதனால் விளையும் கூடுதல் நலத்தால் வகுப்பதே அதன் சாரம். நலத்தின் அலகாகப் பெரும்பாலும் ‘தரம் சேர்த்த வாழ்வாண்டு’ கொள்ளப்படுகிறது, அதாவது முழு நலத்துடன் வாழும் ஓராண்டு ஒன்றாகவும், டயாலிசிஸை நம்பியோ பார்வை இழந்தோ வாழும் ஓராண்டு அதனினும் குறைந்த பின்னமாகவும் எண்ணப்படுகின்றன. இவ்வகைக் கணக்குகளுக்கு அடித்தளம் நீண்டகால ஆய்வுகளே. பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முதன்மை முடிவுகள் வெளியான ஆய்வில், சராசரி இரத்த அழுத்தம் 144/82 ஆக இருத்தப்பட்டவர்களிடம், 154/87 அளவில் இருந்தவர்களைவிடப் பக்கவாதம் 44 விழுக்காடும் நீரிழிவு சார்ந்த இறப்பு 32 விழுக்காடும் குறைந்திருந்தன. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வோ, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு, உணவு, உடலுழைப்பு ஆகியவற்றில் செய்த மாற்றத்தால் மூன்றாண்டுகளில் நோய்க்கு ஆளானோர் விகிதம் 55 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 39 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. இவ்வழியில் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்க ஆன செலவு சுமார் 47,000 ரூபாய் என அடுத்த ஆண்டு கணக்கிடப்பட்டது.

இந்த எண்கள் குறிப்பது என்ன என்பதைக் கால்பரிசோதனையில் நேராகக் காணலாம். நைலான் இழை ஒன்றின் நுனியைப் பாதத்தில் வைத்து, இழை வளையும் அளவுக்கு, அதாவது 10 கிராம் விசைக்கு, மருத்துவப் பணியாளர் அழுத்துகிறார். கண்ணை மூடியிருக்கும் நோயாளி எந்த இடத்தில் தொடுதலை உணரவில்லையோ அந்த இடத்தில் உடலின் காவல் போய்விட்டது என்று பொருள். செருப்புக்குள் புகுந்த சிறு கல் நாள் முழுதும் அறுத்தாலும் அவருக்குத் தெரியாது. புண் சீழ்பிடித்து எலும்பை எட்டிய பின்னரே மருத்துவமனைக்கு வருகிறார். இத்தகையவருக்கு எம்.சி.ஆர். எனப்படும் மென்ரப்பர் செருப்பும், இரவுதோறும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கும் பழக்கமும், தேய்ந்த தோலைச் சீர்செய்யும் கவனிப்பும் கிடைத்துவிட்டால் காலை அகற்றும் நிலை பெரும்பாலும் வராது. புண் வரும் ஆபத்து மிகுந்தோருக்கான முழுமையான கால்பராமரிப்பும், இரத்த அழுத்தத்தைக் குறைத்துச் சிறுநீரகத்தையும் காக்கும் சிலவகை மாத்திரைகளும் தமக்கான செலவையே மிஞ்சிப் பணத்தை மீத்துத் தருவன என்று 2010இல் வெளியான விரிவான ஆய்வுத் தொகுப்பு ஒன்று முடிவு கூறியது. ஆனால் எல்லாத் தடுப்பும் இப்படிப்பட்டதன்று. தடுப்பு நடவடிக்கைகள் பலவும் மொத்தச் செலவைக் கூட்டவே செய்கின்றன என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் லூயிஸ் ரஸ்ஸல் 1986இலேயே எடுத்துக்காட்டினார். எனவே தடுப்பின் நியாயத்தைப் பண மிச்சத்தின்மேல் மட்டும் கட்டியெழுப்பினால், மிச்சம் பிடிக்காத இடத்தில் அந்நியாயமும் சரிந்துவிடும். நலமே அடையத்தக்க பொருள், பணம் அதற்கான வழி என்னும் வரிசை மாறக்கூடாது.

உயிருக்கு விலை பேசலாகாது என்னும் மறுப்பு இங்கு எழுவது இயல்பு, அது மதிக்கத்தக்கதும்கூட. ஆபத்தில் சிக்கிய, முகம் தெரிந்த ஒருவரை எவ்வளவு செலவானாலும் மீட்க வேண்டும் என்னும் உந்துதலை ‘மீட்பு விதி’ என்று 1986இல் பெயரிட்டவர் அறவியலாளர் ஆல்பர்ட் ஜான்சன். அவ்வுந்துதல் இல்லாத சமூகம் இரக்கமற்றது. எனினும் அதற்கு மட்டுமே செவிசாய்க்கும் சமூகம், டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும். முறையான மாத்திரையால் அப்படுக்கைக்கு வராமலே போயிருக்கக்கூடிய நூறு பேரைப் பார்க்காது. அவர்களுக்குப் பெயரில்லை, முகமில்லை, தம் பொருட்டு மன்றாடும் உறவினரும் இல்லை. எண்ணிக்கையாக மட்டுமே அவர்கள் அவைக்கு வர முடியும். காணப்படாதவரின் துன்பத்தை நீதியின் பார்வைக்குக் கொண்டுவருவதாலேயே கணக்கு அறச்செயலாகிறது.

தமிழ் மரபில் இதற்கு முன்மாதிரி உண்டு. காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் உள்ள 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, மருத்துவர் முதல் பணிப்பெண்டிர் வரை இன்னாருக்கு இவ்வளவு நெல் என்றும், இன்னின்ன மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. அங்கே அளந்து கொடுத்தல் தருமத்துக்கு இழுக்காகக் கருதப்படவில்லை. தருமம் நிலைத்து நடப்பதற்கான உறுதியாகவே கல்லில் பொறிக்கப்பட்டது.

கணக்கு அறமாக வேண்டுமானால் அதற்குள் மறைந்திருக்கும் முடிவுகள் வெளிச்சத்துக்கு வர வேண்டும். முதலாவது, காலத் தள்ளுபடி: எதிர்கால நலத்தை ஆண்டுக்கு 3 விழுக்காடு குறைத்து மதிப்பிடும் வழக்கப்படி, இருபது ஆண்டுகளுக்குப் பின் காக்கப்படும் ஓராண்டு வாழ்வு இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 55 விழுக்காடாகச் சுருங்குகிறது. பிந்தி வருகிறது என்பதற்காகவே ஒரு நலத்தைக் குறைத்து மதிப்பது அறத்தால் ஏற்கத்தகாதது என்று மெய்யியலாளர் ஃபிராங்க் ராம்சே 1928இல் வாதிட்டார். பின்விளைவுகள் மெல்ல வரும் நோயில் அவ்வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. இரண்டாவது, யாருடைய செலவு எண்ணப்படுகிறது என்பது: மருத்துவமனையின் ஏட்டில் மாத்திரையின் விலை மட்டுமே ஏறும், அதை வாங்க வரிசையில் நின்ற கூலித் தொழிலாளி இழந்த ஒருநாள் சம்பளம் ஏறாது. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டு, வீட்டுக்கே மாத்திரை கொண்டுசேர்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் அறப்பொருள் இந்த எண்ணப்படாத செலவைக் குறைப்பதில்தான் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது முடிவு, நோய்க்கு யார் பொறுப்பு என்பது, இன்னும் ஆழமானது. வாயைக் கட்டத் தெரியாதவர் தம் வினையைத் தாமே அனுபவிக்கட்டும் என்னும் எண்ணம், சமயச் சொல்லில் வெளிப்பட்டாலும் இக்காலப் பொறுப்புணர்வின் சொல்லில் வெளிப்பட்டாலும், நோயாளியைக் கணக்கின் விளிம்புக்குத் தள்ளுகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் அளவறிந்து உண்பதைப் பெரிதும் வலியுறுத்துவது உண்மையே. ஆயினும் அதன் இறுதிக் குறள் மருத்துவத்தின் அங்கங்களாக நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நால்வகையையும் ஒருங்கே வைக்கிறது. வினைக் கோட்பாட்டை உறுதியாகக் கொண்ட சமண சமயமே மருந்துக்கொடையை நால்வகைத் தானங்களுள் ஒன்றாக விதித்தது. தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ள ஒருவருக்கு வினைக் கோட்பாடு துணையாகலாம். பிறர் துன்பத்தைக் கைவிட அது அனுமதி தருவதில்லை. பரம்பரைக் கூறும், மலிவான அரிசியை நம்பிய தட்டும், நடக்க இடமில்லாத தெருவும் சேர்ந்து விளைவிக்கும் நோயில் பழியைத் தனியொருவர் தலையில் ஏற்றுவது உண்மைக்கும் பொருந்தாது.

ஆகவே, நீரிழிவுக்குச் செலவிடுவது இலாபமா என்பதைவிட, வரவிருக்கும் துன்பத்தை அறிந்தும் தடுக்காமல் விடும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டா என்பதே முதன்மையான வினா. தடுக்கும் வழி தெரிந்து, அதற்கான பொருளும் கைக்கெட்டும் அளவில் இருக்கும்போது அவ்வுரிமை இல்லை. கால்பரிசோதனையும் விழித்திரைப் பரிசோதனையும் இரத்த அழுத்த மாத்திரையும் கருணையின் பெயரால் அவ்வப்போது வழங்கப்படும் உதவிகளாக இல்லாமல், ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய கடனாக நிறுத்தப்பட வேண்டும். செலவுத்திறன் கணக்கு அக்கடனை எந்த வரிசையில், எவ்வளவு விரைவில் தீர்ப்பது என்று வழிகாட்டும் கருவியாக இருக்க வேண்டும்.