பனிக்காலையில் ஒரு சொல்

மார்கழி பிறந்துவிட்டால் திருக்கோயில் வாசலில் கூடுகின்றவர்களின் முதற்பேச்சு பனியைப் பற்றியதாகவே இருக்கும். இவ்வாண்டு குளிர் சற்று மிகுதி என்பார் ஒருவர். சென்ற ஆண்டு இதனினும் கடுமை என்பார் மற்றொருவர். அடுத்த கணமே பேச்சு ஊர்ச்செய்தியின் பக்கம் திரும்பும். பகல்பத்துக்குத் தவறாமல் வரும் பெரியவர் இம்முறை ஏன் வரவில்லை, எதிரகத்துப் பெண்ணுக்கு வரன் அமைந்ததா, கீழத்தெருவில் பசு கன்று ஈன்றதா என்று அது தொடரும். திருப்பள்ளியெழுச்சிக்குக் காத்துத் திருமதிலோரம் போர்வையும் தாமுமாய் நிற்கும் அடியார்கள் இவ்வாறு பேசிக்கொள்வதை வீண்பேச்சென்று தள்ளுவாரும் உண்டு. தள்ள வேண்டுவதில்லை. ஸ்ரீமத் ராமாயணத்திலும் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கின்றது. பேசியவர் இளையபெருமாள், கேட்டருளியவர் சக்கரவர்த்தித் திருமகன்.

ஆரணிய காண்டத்தின் 16-ஆம் ஸர்க்கம் அது. பஞ்சவடியிலே பர்ணசாலை அமைத்து மூவரும் வாழ்ந்திருக்கும் காலம். சரத்காலம் கழிந்து ஹேமந்தம் வந்தது. மார்கழியும் தையும் சேர்ந்த பருவம் என்று கொள்ளலாம். பஞ்சவடி இன்றைய நாசிக் நகரத்தை ஒட்டியது என்பது பெருவழக்கு. பத்ராசலத்துக்கு அண்மையிலுள்ள பர்ணசாலையைக் காட்டுவோரும் உளர். நாசிக்கே ஆயின், அது கடல்மட்டத்துக்குச் சுமார் 600 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. மரவுரி உடுத்தவர்களுக்கு அக்குளிர் எப்படி இருந்திருக்கும் என்பதை இரண்டு போர்வைக்குள் இருந்தும் நடுங்குகிறவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

விடியற்காலையில் பெருமாள் நீராடக் கோதாவரிக்கு எழுந்தருளுகின்றார். பின்னே பிராட்டி. கையில் குடத்தோடு வணக்கமாய்த் தொடர்கின்றார் இளையபெருமாள். நடந்துகொண்டே பேசத் தொடங்குகின்றார். அண்ணாவுக்கு உகந்த பருவம் வந்துவிட்டது என்பதே தொடக்கம். பிறகு கண்ணிற் பட்டதையெல்லாம் அடுக்கிக்கொண்டே போகின்றார். உடம்பு பனியால் சொரசொரத்துப் போகின்றது. தண்ணீர் பிடிக்கவில்லை, நெருப்புப் பிடிக்கின்றது. கதிரவன் தென்திசைக்குப் போய்விட்டபடியால் வடதிசை திலகம் இழந்த முகம்போல் இருக்கின்றது. மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடியாகச் சந்திரன் ஒளி குன்றியிருக்கின்றான். நெற்கதிர்கள் முற்றிப் பொன்னிறமாய்த் தலை சாய்ந்திருக்கின்றன. மூடுபனியில் ஆறு இருக்குமிடமே தெரியவில்லை. அங்கே கூவும் பறவைகளின் குரலைக் கொண்டுதான் ஆறென்று அறிய வேண்டியிருக்கின்றது. தாமரைக்குளத்தில் தண்டுகள் மட்டுமே எஞ்சி நிற்கின்றன.

இவற்றுள் இரண்டு காட்சிகள் நெஞ்சை விட்டு நீங்காதவை. தாகத்தால் வருந்தி ஆற்றுக்கு வந்த காட்டானை துதிக்கையை நீரில் வைக்கின்றது. வைத்த வேகத்திலேயே சுருட்டிக்கொள்கின்றது. நீரையே வாழ்விடமாகக் கொண்ட பறவைகளோ கரையில் நின்றபடி நீரைப் பார்க்கின்றனவே ஒழிய இறங்கவில்லை. போர்க்களத்தின் ஓரத்தில் நின்றுவிட்ட கோழைகளின் நிலை அவற்றுக்கு. யானை அஞ்சும் நீரில், நீர்ப்பறவை அஞ்சும் நீரில், இம்மூவரும் இப்போது இறங்கி நீராடப் போகின்றார்கள் என்பதை முனிவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. படிப்பவர் உணர்ந்துகொள்ள வேண்டியது.

இதுவரையில் வானிலைப் பேச்சுத்தான். இனிமேல்தான் அது செய்தியாகின்றது.

அயோத்தியை விட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சித்திரகூடத்தில் பரதாழ்வான் திருவடிநிலைகளைத் தலைமேல் தாங்கிச் சென்ற நாளுக்குப் பின் அங்கிருந்து ஓலையில்லை, ஆள் வரவில்லை. வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய வழியே இல்லை. ஆனால் குளிர் இருக்கின்றது. இங்கே குளிர்கின்றது என்றால் ஸரயுவின் கரையிலும் குளிரும். அந்தச் சமவெளியில் இப்பருவத்துப் பனி எவ்வளவு அடர்த்தியானது என்பது அயோத்தியில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரியாததன்று. அங்கே பரதாழ்வானும் இதே நேரத்தில், இரவின் கடையாமத்தில், குடிமக்கள் சூழ நீராடப் புறப்பட்டிருப்பான். அரசும் போகமும் துறந்து குளிர்ந்த வெறுந்தரையில் படுத்து எழுந்திருப்பான். சுகமாகவே வளர்ந்த அந்தத் திருமேனி இந்தக் குளிரில் எப்படி நீரில் மூழ்கும் என்று இளையபெருமாள் உருகுகின்றார். செய்தி கொண்டுவர எவரும் இல்லாத இடத்தில் பனியே செய்தி சொல்லிற்று.

உருகுகின்றவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். சித்திரகூடத்தில் சேனையின் தூசியைக் கண்டவுடன், பரதன் போருக்கு வருகின்றான் என்று துணிந்து, அவனை வதைப்பதிலும் குற்றமில்லை என்று வில்லோடு நின்றவர் இவரே. அதே வாய் இன்று பரதனுக்குக் குளிருமே என்கின்றது. தந்தை இயல்பை விடுத்துத் தாயின் இயல்பையே மக்கள் பின்பற்றுவர் என்னும் உலக வழக்கைப் பரதன் பொய்யாக்கிவிட்டான் என்றும் புகழ்கின்றது.

தாய் என்ற சொல் வந்துவிட்டது. அங்கேதான் பேச்சு வழுக்கிற்று. தசரதனைக் கணவனாகவும் பரதனைப் பிள்ளையாகவும் பெற்றவள் எப்படி இத்தனை கொடியவளானாள் என்று இளையபெருமாள் கைகேயியின்மேல் சொல்லத் தொடங்கினார். நல்ல பேச்சு கெடுவதற்கு எத்தனை நேரமாகின்றது? பனியில் தொடங்கிற்று, பாசத்துக்குப் போயிற்று, பாசத்தின் வாசல் வழியே பழி நுழைந்துவிட்டது. வாசலில் கூடிப் பேசுகின்றவர்கள் எல்லாரும் அறிந்த வழிதான் இது. வராத பெரியவரைப் பற்றி அக்கறையாகத் தொடங்கும் விசாரிப்பு, அவருடைய மருமகள் நடத்தையில் போய் முடிவதில்லையா? கெட்ட எண்ணத்தோடு யாரும் தொடங்குவதில்லை. அன்பினாலேயே தொடங்குகின்றார்கள் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

பெருமாள் அங்கே நிறுத்தினார். நடுத்தாயாரை ஒருநாளும் பழிக்கலாகாது, பரதனைப் பற்றியே சொல் என்று பணித்தார். கைகேயி என்று பெயர் சொல்லவில்லை. நடுத்தாயார் என்று உறவைச் சொன்னார். (கைகேயி மூவரில் இளையவள் என்று கொள்வாரும் உண்டு; வான்மீகி இங்கே நடுவில் உள்ளவள் என்றே சொல்கின்றார்.) கேட்பதற்கு அங்கே வேறு யாரும் இல்லை. காடு, மூடுபனி, மூவரே மனிதர். நிந்திக்கப்படுகின்றவளோ பலநூறு காதத்துக்கு அப்பால் இருக்கின்றாள். ஒருபோதும் அவள் காதுக்கு எட்டாது. பேசுகின்றவர் தம் பொருட்டு ஊண் உறக்கம் துறந்த தம்பி. சொன்னதும் பொய்யன்று. இத்தனை இருந்தும் பெருமாள் திருவுள்ளம் அதற்கு இசையவில்லை.

நிறுத்தியதோடு விட்டிருந்தால் அது அதட்டலாகப் போயிருக்கும். பேச்சையே வேண்டாமென்று அவர் சொல்லவில்லை. எதைப் பேச வேண்டுமோ அதைத் தாமே பேசிக் காட்டினார். வனவாசத்தில் உறுதிகொண்ட தம் மனமும் பரதன்மேல் உள்ள அன்பினால் மறுபடி சிறுபிள்ளை மனமாகிவிடுகின்றது என்றார். அவன் பேசிய இனிய சொற்களை நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். பரதனோடும் சத்ருக்னனோடும் உன்னோடும் மறுபடி என்றைக்கு ஒன்றாயிருப்பேன் என்று ஏங்கினார். உன்னோடும் என்று சேர்த்ததைக் கவனிக்க வேண்டும். கண்டிக்கப்பட்ட தம்பி ஒதுக்கப்படவில்லை. கண்டித்த வாயே அவனை நால்வர் கூட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டது. அதன்பிறகு கோதாவரியில் இறங்கி நீராடினார்கள்.

இந்தப் பனிக்கால நீராட்டத்துக்கும் ஆயர்பாடியின் மார்கழி நீராட்டத்துக்கும் உள்ள உறவு தற்செயலானதாகத் தோன்றவில்லை. சூடிக்கொடுத்த நாச்சியார் திருப்பாவையின் 2-ஆம் பாசுரத்தில் நோன்புக்கான விதிகளை அருளிச்செய்கின்றாள். நெய்யும் பாலும் இல்லை, கண்ணுக்கு மையில்லை, கூந்தலுக்கு மலரில்லை, விடியுமுன் நீராட்டம் உண்டு. இவற்றோடு இன்னொன்றையும் சேர்க்கின்றாள்: பிறர்மேல் கோள் சொல்லிப் போவதில்லை. பாலையும் நெய்யையும் விடுவது எளிது. ஒரு மாதம் முழுதும் அடுத்த வீட்டுக் குறையைப் பேசாதிருப்பது எப்படிப்பட்ட உபவாசம் என்பதை முயன்று பார்த்தவர்களே அறிவர். ஏகாதசி அன்று துளசி தீர்த்தத்தோடு நிற்பவர்களும் இந்த உபவாசத்தில் பாரணை நேரத்துக்குக் காத்திருப்பதில்லை.

அப்படியானால் ஆயர்பாடிப் பெண்கள் வாய்மூடி இருந்தார்களா? திருப்பாவையில் அவர்கள் பேசாத நேரமே இல்லை. 6-ஆம் பாசுரம் தொடங்கி 15-ஆம் பாசுரம் வரையில் வீடு வீடாகச் சென்று எழுப்புகின்றார்கள். பறவைகள் ஒலிக்கத் தொடங்கிவிட்டன. கோயில் சங்கு ஊதிவிட்டார்கள். தயிர் கடையும் ஓசை கேட்கின்றது. எருமைகள் பனிப்புல் மேயப் போய்விட்டன. வெள்ளி எழுந்து வியாழன் மறைந்தது. புழைக்கடைக் குளத்தில் ஒரு பூ விரிந்து மற்றொரு பூ குவிந்தது. எல்லாம் அன்றாடச் செய்திகள். ஒரு வீட்டில் உள்ளே உறங்குகின்றவளின் தாயை மாமி என்று கூப்பிட்டு, உங்கள் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கின்றார்கள். மற்றொரு வீட்டு வாசலில் நிலைக்காலைப் பற்றிக்கொண்டு, தலையிலே பனி விழுகிறது, நிற்கிறோம் என்கின்றார்கள். அந்த வீட்டில் கறக்க ஆளில்லாமல் எருமைகள் தாமே பால் சொரிந்து தரையெல்லாம் சேறாகிக் கிடக்கின்றது. அதையும் சொல்கின்றார்கள், குறையாக அன்று, அந்த வீட்டுச் செல்வத்தின் பெருமையாக!

15-ஆம் பாசுரத்தில் வாசலில் நிற்பவளுக்கும் உள்ளிருப்பவளுக்கும் வாக்குவாதமே நடக்கின்றது. இன்னுமா உறங்குகிறாய் என்று இவர்கள் கேட்க, அவள் வெடுக்கென்று பதில் சொல்ல, உன் வாய்ச்சாமர்த்தியம் தெரிந்ததே என்று இவர்கள் மடக்குகின்றார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களின் பிணக்கு எதுவும் இப்படித்தானே தொடங்கும்? ஓரிரு சொல் முற்றினால் அன்றைக்கு நோன்பு இல்லை. அவ்விடத்தில் உள்ளிருப்பவள், குற்றம் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொள்கின்றாள். வழக்கு அத்தோடு முடிந்தது, எழுந்து வந்தாள். அவளுடைய வாதத்தில் நியாயம் இருந்ததா என்று பின்னர் ஒருவரும் கேட்கவில்லை. திருப்பாவையின் உயிர்நிலை இப்பாசுரம் என்று பெரியோர் கொண்டாடுவர். தான் செய்யாத குற்றத்தைத் தன்மேல் ஏறிட்டுக்கொண்ட பரதாழ்வானை இவ்விடத்தில் நினைவூட்டுவதும் அவர்கள் மரபு.

குளிரும் இடையிலே வேறாகிவிட்டது. தொடக்கத்தில் தலையில் விழுந்து நடுக்கிய பனிதான். 27-ஆம் பாசுரத்தில் நோன்பு நிறைவெய்தி, பாற்சோறு மூட நெய் பெய்து, எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும்போது உள்ளம் குளிர்வதாகவே நாச்சியார் அருளிச்செய்கின்றாள். வாசலில் தனித்தனியே நின்றவரை வருத்திய அதே சொல், கூட்டம் ஒன்றானபின் ஆனந்தத்தின் பெயராயிற்று.

கோதாவரிக் கரையில் ஏங்கிய நால்வர் கூட்டம் என்னவாயிற்று? இலங்கைப் போர் முடிந்து திரும்பும் வழியில், பரத்வாஜர் ஆசிரமத்திலிருந்து திருவடியை நந்திக்கிராமத்துக்கு முன்னே அனுப்புகின்றார் பெருமாள். அங்கே திருவடி கண்டது, இளையபெருமாள் பனியின் நடுவே நின்று ஊகித்துச் சொன்ன உருவத்தையே. சடை தரித்து, மரவுரியும் மான்தோலும் உடுத்து, இளைத்து, பாதுகைகளை முன்னிட்டு அரசு நடத்திக்கொண்டிருந்தான் பரதாழ்வான். நீர் எவரை எண்ணித் துயருறுகின்றீரோ அவர் உம்முடைய நலத்தைக் கேட்டனுப்பினார் என்று திருவடி விண்ணப்பித்தார். கேட்ட பரதாழ்வான் மகிழ்ச்சியால் மயங்கி விழுந்து, தெளிந்து, அவரைத் தழுவிக் கண்ணீரால் நனைத்தான். பிறகு தர்ப்பாஸனத்தில் உட்காரவைத்து, காட்டில் நடந்தவை அனைத்தையும் சொல்லும்படி கேட்டான். திருவடி முதலிலிருந்து தொடங்கினார். உம்முடைய அன்னைக்கு அளிக்கப்பட்ட வரங்களால் ராமன் வனம் புகுந்தது முதல் என்று அவ்வளவே சொல்லி, அவளைப் பற்றி ஒரு சொல்லும் கூட்டாமல், கதையைக் காட்டுக்குக் கொண்டுபோனார்.