தலைமாட்டில் ஒரு அடை



இந்த மாதம் வாலிபப் பிள்ளைகளை வைத்திருக்கிற பெற்றோரோடு பேச ஆண்டவர் ஏவினார். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள்.

முந்தின அதிகாரத்தில் கர்மேலிலே அக்கினி இறங்க ஜெபித்தவன் எலியா. இங்கே அதே மனுஷன் வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, தான் செத்தால் போதும் என்கிறான். ஆண்டவர் திட்டினாரா? "அக்கினியைப் பார்த்தவனுக்கு இதென்ன கோழைத்தனம்?" என்றாரா? இல்லை. தூங்க விட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டான், திரும்பவும் படுத்துக்கொண்டான். அதற்கும் ஒண்ணும் சொல்லவில்லை. இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள். நாற்பது நாள் நடந்து ஓரேப் போய்ச் சேர்ந்த பிறகுதான், ஏன் இங்கே வந்தாய் என்கிற கேள்வியே வருகிறது. அவன் ஒரே பதிலை இரண்டு தரம் சொன்னான். ஆண்டவர் இரண்டு தரமும் கேட்டார்.

நாமோ, பிள்ளை முகம் வாடி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஓரேபின் கேள்வியை ஆரம்பித்துவிடுகிறோம்.

என் வீட்டுக் காரியத்தையே சொல்கிறேன். (மகனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) 2023 மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. இயற்பியலில் தவறிவிட்டான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நான் வெளியே நின்று அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். செல்போனைப் பற்றி, நான் சைக்கிள் மிதித்துப் படித்ததைப் பற்றி, கர்த்தருக்குப் பயப்படுகிறதைப் பற்றி. வசனமெல்லாம் சரிதான், நேரம்தான் தப்பு. என் மனைவி வந்து, "ஏங்க, போதும். பையன் காலையில இருந்து சாப்பிடல" என்றாள். ரசஞ்சோறும் ஒரு முட்டையும் தட்டில் வைத்து, கதவைத் திறந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டாள். அன்று பைபிள் காலேஜ் டிப்ளமோக்காரனைவிட அவளுக்குத்தான் அந்த அதிகாரம் தெரிந்திருந்தது.

மறுநாள் பத்து மணிவரை தூங்கினான். என் வாய் துறுதுறுத்தது. இந்த வயசுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், இரவில் தூக்கம் பிந்தி வருவதும் அவர்கள் சரீரத்தின் வளர்ச்சிதான் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பார்க்க வந்த விசுவாசி ஒருவர், "சோர்பின் ஆவி பிரதர், கடிந்துகொள்ளுங்க" என்றார். ஜெபம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அழுகிற பிள்ளையைப் பிசாசு பிடித்தவனைப்போல நடத்தாதிருங்கள். எலியாவுக்குப் பிசாசு பிடிக்கவில்லை. இளைத்துப்போயிருந்தான்.

மூன்றாம் நாள் ராத்திரி அவனே மொட்டைமாடிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா, நீங்க பிரசங்கம் பண்ணாம இருந்தா ஒண்ணு சொல்றேன்." தலையை ஆட்டினேன். "செத்துப்போயிடலாம்னு இருந்துச்சுப்பா."

எனக்கு உள்ளமெல்லாம் நடுங்கியது. ஆனாலும், "இப்பவும் அப்படித் தோணுதா தம்பி?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படாதிருங்கள். கேட்பதால் அது வராது, உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். "அப்பப்போ தோணுது" என்றான். அன்றிரவே வீட்டிலிருந்த மாத்திரைகளையும் எலிமருந்தையும் அப்புறப்படுத்தினோம். நான் அவன் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தேன். 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தோம். 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசுகிறார்கள், காசு கிடையாது. காலையில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அது அவிசுவாசம் அல்ல. தூதன் கொண்டுவந்த அடையும் மாவினால் ஆனதுதானே!

ஜூனில் துணைத்தேர்வு எழுதினான், தேறினான். ஆனால் அதைச் சாட்சி சொல்ல நான் இதை எழுதவில்லை. தேறாமல் போயிருந்தாலும் அந்தத் தட்டு அங்கே வைக்கப்பட்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நம் வாலிபப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கப்போகிறோம். சீட்டில் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதிக் கொடுங்கள். காரியத்தை எழுத வேண்டாம். அதை யாரிடம் சொல்வது என்பது அந்தப் பிள்ளையின் இஷ்டம்.