அருவியில் நீராடுதல் அறமா?

அருவியைக் காணச் செல்வதில் குற்றமில்லை என்பதில் கருத்து வேறுபாடு இராது. கண்டபின் அதில் இறங்கி நீராடலாமா என்பதே வினா. நீரையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்று கேட்டு வளர்ந்த நம் குடும்பத்தார் இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது.

குரோவேஷியா நாட்டில் 1949இல் அமைக்கப்பெற்ற பிளிட்விச் தேசியப் பூங்காவில் 16 ஏரிகள் படிக்கட்டுகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. மேலேரியின் நீர் அருவியாகிக் கீழேரியில் விழுகிறது. ஏரிகளைப் பிரிக்கும் கரைகளை எவரும் கட்டவில்லை. நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு, பாசியின் மீதும் நுண்ணுயிர்களின் மீதும் படிந்து கல்லாகிறது. அக்கரை இன்றும் வளர்கிறது. கால் பட்டால் சிதையும். ஆகவே அங்கு நீரில் இறங்க அனுமதியில்லை. மரப்பலகைப் பாதையில் நடந்து பார்த்துத் திரும்ப வேண்டும். ஓரறிவுயிர் எழுப்பிய மதிலை ஆறறிவுயிர் மிதிக்கலாகாது என்று ஓர் அரசு விதி செய்திருப்பது எனக்கு வியப்பையே தருகிறது.

நம் பொதிகையிலும் இத்தகைய படிவரிசை உண்டு. பாணதீர்த்தம் காரையாறு அணையின் ஏரியில் விழுகிறது. அந்நீர் கீழணையைக் கடந்து, அகத்தியர் அருவியாய் இறங்கிப் பாபநாசம் படித்துறையை அடைகிறது. 1988 முதல் இம்மலைப்பகுதி களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாக விளங்குகிறது.

“நம் மலை கரும்பாறை ஆயிற்றே அம்மா, கால் வைத்தால் தேயுமா?” என்று அண்டை வீட்டுப் பெண் கேட்டாள். பாறை தேயாது, உண்மைதான். ஆயினும் சோப்பும் எண்ணெயும் நீரோடு போகின்றன. பாபநாசத்தில் உடுத்த துணியை ஆற்றில் விட்டால் வினை தீரும் என்று எண்ணி விட்டுச் செல்வோர் பலர். அவர்களிடம் எவ்வுயிர் மீதும் பகையில்லை. ஆனால் தத்துவார்த்த சூத்திரம் கொலைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பகையைக் கேட்கவில்லை, கவனமின்மையையே கேட்கிறது. நம் முன்னோர் நீரை வடிகட்டியதோடு நில்லாமல், துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மெல்ல விட்டார்கள். வடிகட்டுவதைவிட இதுவே அரிய செயல் என்பேன்.

அப்படியாயின் எவரும் நீராடவே கூடாதா? எங்கள் பக்கத்து உப்பளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரும் பெண், ஆண்டுக்கு ஒருமுறை அருவிக்குச் செல்கிறாள். அவளிடம் பலகையில் நின்று பார்த்துவிட்டு வா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இல்லறத்தார்க்கு உரியது அணுவிரதம்; ஓரறிவுயிர்களிடத்து அவர்கள் காக்க வேண்டியது தேவைக்கு மேல் துன்புறுத்தாமை. அவள் நீராடுவது தேவை. சோப்புக் கட்டி தேவையன்று. நான் இறங்குவதில்லை, அது என் விருப்பம், பிறர்க்கு விதியன்று.

பாபநாசம் கடந்த தாமிரவருணி, கடைசி அணைக்கட்டான திருவைகுண்டத்தைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. தூத்துக்குடி வட்டாரத்தில் நாங்கள் குடிப்பது அந்த ஆற்றின் நீரே. ஊரணியைப் பெயரிலேயே உடைய மாப்பிள்ளையூரணியிலும் இப்போது குழாயைத்தான் திறக்கிறோம். அந்நீரை இன்றும் இரட்டைத் துணியில் வடிக்கிறேன். துணியில் தங்கியதைக் கொண்டுபோய் விட ஆறு அருகில் இல்லை. கரைந்து வந்த சோப்போ துணியில் தங்குவதேயில்லை.